மூளைக்குள் ஒரு தெர்மோஸ்டாட்டா?

உடல் வெப்பநிலையைப் பற்றித் தமிழில் வெளிவரும் பாட நூல்களையும் கட்டுரைகளையும் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெற்றிருக்கும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றோர் உறுப்பு இருக்கிறது. அது ஒரு தெர்மோஸ்டாட்டைப் போல இயங்கி உடலை 37 டிகிரி சென்டிகிரேடில் நிறுத்தி வைக்கிறது என்பதே அக்கருத்து. மாணவர் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். பிறகு அதை அப்படியே நம்பிக்கொண்டு வாழ்நாள் முழுவதையும் கழிக்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த உவமையைப் பற்றிய ஒரு விமர்சனம். உவமைதானே, அதற்கு ஏன் விமர்சனம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. புதுச்சேரியில் அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தும் ஒரு பகல் வேளையில், கட்டட வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொட்டுப் பார்த்தால் உடல் நெருப்பாய்ச் சுடுகிறது. உடனே ஒருவர், "காய்ச்சல் மாத்திரை இருந்தால் கொடுங்கள்" என்கிறார். அவர் மீது குற்றம் இல்லை. சூடு ஏறினால் மூளையின் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, மாத்திரை அதைச் சரிசெய்யும் என்றுதான் அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த மாத்திரை அங்கே பயன்படாது. அதைத் தேடுவதில் வீணாகும் நிமிடங்கள் ஓர் உயிரின் விலையாகவும் ஆகிவிடலாம்.

உவமையின் சிறப்பு

முதலில் உவமைக்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். மின்சார இஸ்திரிப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறதல்லவா? அதைப் பட்டுக்கு ஓர் இடத்திலும் பருத்திக்கு வேறோர் இடத்திலும் வைக்கிறோம். குறித்த சூடு வந்ததும் மின்சாரம் தானே நின்றுவிடும். சூடு குறைந்தால் மீண்டும் பாயும். இதுவே தெர்மோஸ்டாட். நம் உடலும் ஓரளவு இப்படித்தான் நடந்துகொள்கிறது.

1770-களில் இங்கிலாந்தில் சார்லஸ் பிளாக்டன் என்பவர், ஏறக்குறைய 127 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றிய அறைக்குள் சில நிமிடங்கள் நின்றார். உடன் வைத்த முட்டை வெந்தது, இறைச்சியும் வெந்தது. ஆனால் அவருடைய உடல் வெப்பம் பெரிதாக மாறவில்லை. 1816 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் படை மருத்துவராக இருந்த ஜான் டேவி, வெப்ப மண்டலத்தில் மனிதரின் உடல் வெப்பத்தை அளந்து பார்த்து, அது சிறிதளவே கூடுகிறது என்று பதிவு செய்தார். வெளியே எவ்வளவு மாறினாலும் உள்ளே நிலையாக வைத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உடலில் இருக்கிறது என்பது இவற்றால் தெளிவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் இதையே உடலின் அகச்சூழல் என்னும் பெருங்கொள்கையாக விரித்துரைத்தார்; விலங்குகளின் உடற்சூட்டைப் பற்றி 1876-இல் தனி நூலே வெளியிட்டார்.

காய்ச்சலை விளக்குவதில் இந்த உவமை மிக நன்றாகவே உதவுகிறது. 39 டிகிரி காய்ச்சலில் கிடக்கும் குழந்தை ஏன் குளிரில் நடுங்குகிறது? சூடான உடல் ஏன் கம்பளி கேட்கிறது? ஜெர்மானிய மருத்துவர் லீபர்மைஸ்டர் 1870-களிலேயே இதற்கு விடை கூறினார். காய்ச்சலில் உடல் தன் கட்டுப்பாட்டை இழப்பதில்லை. உயர்ந்த ஓர் அளவுக்குத் தன்னைத் தானே மாற்றி வைத்துக்கொள்கிறது. திருகு பட்டிலிருந்து பருத்திக்குத் திருப்பப்பட்டுவிட்டது. புதிய அளவை எட்டும் வரை உடலுக்குக் குளிராகவே தோன்றும்.

1912-இல் பார்பர் என்ற ஆய்வாளர் முயலின் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தப் பகுதியை மட்டும் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்த்தார். மூளையைச் சூடாக்கினால் உடல் குளிர்ந்தது. மூளையைக் குளிர்வித்தால் உடல் சூடேறியது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடமே தெரிந்துவிட்டது போலிருந்தது. அது எதனால் ஆனது என்பதே எஞ்சிய கேள்வி.

பூனையும் முயலும்

அந்தக் கேள்விக்கு 1963-இல் ஒரு கவர்ச்சியான விடை வந்தது. இலண்டனில் வில்லெம் ஃபெல்ட்பெர்க்கும் ராபர்ட் மையர்ஸும் பூனைகளின் மூளை அறைகளுக்குள் மிகச் சிறிய அளவில் சில வேதிப்பொருள்களைச் செலுத்தினார்கள். செரட்டோனின் செலுத்தியபோது பூனையின் உடல் வெப்பம் ஏறியது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் அதை இறக்கின. இவை வெளியிலிருந்து வந்த பொருள்கள் அல்ல. ஹைப்போதலாமஸில் இயற்கையாகவே இருப்பவை. ஆகவே இவ்விரண்டு வகைப் பொருள்களும் சுரக்கும் அளவின் சமநிலையே உடல் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். சூட்டுக்கு ஒரு குழாய், குளிருக்கு ஒரு குழாய்!

கொள்கை அழகாக இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் கூப்பர், கிரான்ஸ்டன், ஹானர் ஆகிய மூவர் முயல்களில் இதே சோதனையைச் செய்தபோது முடிவு தலைகீழாக வந்தது. முயலில் நார்அட்ரினலின் வெப்பத்தை ஏற்றியது; செரட்டோனின் இறக்கியது. எலிகளிலோ மருந்தின் அளவைப் பொறுத்தும், எலி இருக்கும் அறையின் வெப்பத்தைப் பொறுத்தும் முடிவுகள் மாறின. ஒரே பொருள் ஓர் உயிரினத்தில் சூட்டுக் குழாய், மற்றோர் உயிரினத்தில் குளிர்க் குழாய் என்றால், அதைக் குழாய் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனைகள் பொய் அல்ல. மூளையின் வேதிப்பொருள்கள் உடல் வெப்பத்தை மாற்றுகின்றன என்பதை ஐயமற நிறுவியவை அவையே. ஒரு பொருளுக்கு ஒரே வேலைதான் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. செரட்டோனின் ஒரு செய்தி அன்று. அது செய்தியைக் கொண்டுசெல்லும் தபால்காரர் போன்றது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அனுப்பும் நரம்புச் செல்லையும், வாங்கும் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியையும் பொறுத்தது. மூளை அறைக்குள் ஒரேயடியாக மருந்தை ஊற்றுவது, ஊரிலுள்ள எல்லா வீடுகளிலும் ஒரே கடிதத்தைப் போடுவதற்கு ஒப்பாகும்.

காய்ச்சல் வேறு, வெப்பவாதம் வேறு

காய்ச்சலைப் பொறுத்தமட்டில் வேதியியல் வேறொரு வழியில் தெளிவு தந்தது. 1970-ஐ ஒட்டி மில்ட்டன், வெண்ட்லாண்ட் என்னும் இருவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பூனையின் மூளைக்குள் செலுத்தியபோது வெப்பம் விரைந்து ஏறியது. 1971-இல் ஃபெல்ட்பெர்க்குடன் சேர்ந்து இந்திய மருந்தியலாளர் சக்ஸேனா இதை மேலும் ஆராய்ந்தார். அமீன்களைப் போல இது இனத்துக்கு இனம் மாறவில்லை. பூனை, முயல், எலி ஆகிய மூன்றிலும் வெப்பத்தை ஏற்றவே செய்தது. அதே 1971-இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஒரு குறிப்பிட்ட ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குக் காய்ச்சலே வருவதில்லை என்று கண்டனர்.

ஆகக் காய்ச்சலின் கதை இதுதான். கிருமி உள்ளே வருகிறது. வெள்ளணுக்கள் அதை எதிர்க்கச் சில பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையின் இரத்தக் குழாய்களை ஒட்டி புரோஸ்டாகிளாண்டின் உண்டாகிறது. அது ஹைப்போதலாமஸின் முன்பகுதியிலுள்ள நரம்புச் செல்களின் நடத்தையை மாற்றுகிறது. உடல் சூட்டைச் சேமிக்கத் தொடங்குகிறது. ஆஸ்பிரினும் பாரசிட்டமாலும் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் துண்டிக்கின்றன. காய்ச்சல் இறங்குகிறது.

இப்போது வெயிலில் விழுந்த அந்தத் தொழிலாளியிடம் வருவோம். அவர் உடலில் புரோஸ்டாகிளாண்டின் எந்தத் திருகையும் திருப்பவில்லை. அவருடைய மூளை வெப்பத்தை இறக்கவே கடைசிவரை போராடியது. தோலுக்கு இரத்தத்தை அனுப்பியது. வியர்வையைச் சுரக்க வைத்தது. ஆனால் வேலையால் உண்டான சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து, வெளியேறும் சூட்டை மிஞ்சிவிட்டன. உடலின் உட்பகுதி 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும் நிலைக்கு வெப்பவாதம் என்று பெயர். சன்ஸ்ட்ரோக் என்றும் சொல்வார்கள். இங்கே துண்டிக்க வேண்டிய சங்கிலியே இல்லை. ஆகவே காய்ச்சல் மாத்திரைக்கு வேலையும் இல்லை. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கல்லீரலுக்கும் இரத்தம் உறையும் தன்மைக்கும் அது கேடு செய்யவும் கூடும். தெர்மோஸ்டாட் உவமை மறைத்துவிடுவது இந்த வேறுபாட்டைத்தான். தெர்மாமீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டலாம். காய்ச்சல் என்பது உடலே விரும்பி ஏற்றிய சூடு. வெப்பவாதம் உடலை மீறி ஏறிய சூடு.

கடலோர ஊர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏழெட்டு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அது. ஆனால் ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் பயன் ஏதும் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. இதனால்தான் இந்திய வானிலைத் துறை சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் வெப்ப அலைக்கான அடிப்படை அளவாகக் கொள்கிறது. அதோடு அந்த இடத்தின் வழக்கமான அளவை விட வெப்பம் குறைந்தது 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். உள்நாட்டு ஊர்களை விட இங்கே எண் குறைவுதானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

வெயிலில் ஒருவர் விழுந்து, உளறினாலோ நினைவிழந்தாலோ, செய்ய வேண்டியது ஒன்றே: குளிர்விப்பது. 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வியர்க்கிறதே, அப்படியானால் வெப்பவாதமாக இராது என்றும் எண்ண வேண்டாம். உழைப்பின்போது வரும் வெப்பவாதத்தில் வியர்வை இருக்கவே செய்யும்.

ஒரு திருகா, பல கைகளா?

உவமையின் இரண்டாவது குறை, எல்லாவற்றையும் ஒரே திருகு ஆள்கிறது என்ற எண்ணம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஈவ்லின் சாட்டினாஃப் உள்ளிட்ட சிலர், ஹைப்போதலாமஸின் முன்பகுதி சேதமடைந்த எலிகளை ஆராய்ந்தனர். குளிரில் அவற்றின் உடல் தன் வெப்பத்தைத் தானே சரிவரக் காக்க முடியவில்லை. தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றுதானே சொல்வோம்? ஆனால் ஒரு நெம்பை அழுத்தினால் வெப்பவிளக்கு எரியும் ஏற்பாட்டைச் செய்து வைத்தபோது, அந்த எலிகள் நெம்பை அழுத்தி அழுத்தித் தம் உடலைச் சூடாக வைத்துக்கொண்டன! நடுக்கமும் இரத்த ஓட்டமும் ஒரு வழியில் ஆளப்படுகின்றன. நிழலை நாடுவதும் போர்வையைத் தேடுவதும் வேறு வழியில் ஆளப்படுகின்றன. ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கிறது.

நம் அடுப்பங்கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. மிளகாய் மிகுந்த குழம்பைச் சாப்பிட்டால் ஏன் வியர்க்கிறது? உடல் வெப்பம் ஏறிவிடவில்லை. மூளையிலும் மாற்றம் இல்லை. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளின் வாயிலைத் திறந்துவிடுகிறது. அந்த வாயிலை 1997-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாக்கிலிருந்து வந்த பொய்யான சூட்டுச் செய்தியே முகத்தை வியர்க்க வைக்கிறது. தோலும் நாக்கும் வயிறும் இந்த ஆட்சியில் பங்கு கேட்கின்றன.

37 என்ற எண்ணும் கல்லில் பொறித்ததன்று. விடியற்காலையில் குறைந்தும் மாலையில் உயர்ந்தும் உடல் வெப்பம் நாள்தோறும் அரை டிகிரிக்கு மேல் மாறுகிறது. பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பின் சற்று உயர்கிறது. தூக்கத்தில் இறங்குகிறது. டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1980-களில் மோகன் குமாரும் உடன் உழைத்தவர்களும் எலி மூளையின் இதே முன்பகுதியில் நார்அட்ரினலின் போன்ற பொருள்களை இட்டு, தூக்கமும் விழிப்பும் உடல் வெப்பமும் அங்கே எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்தனர். வெப்பத்துக்கென்றே தனியாக ஒதுக்கிய அறை அன்று அது. பல வேலைகள் நடக்கும் கூடம்.

மருந்தும் வெயிலும்

மூன்றாவது குறைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. மூளையைத் தெர்மோஸ்டாட் என்று மட்டுமே நினைப்பவருக்கு, வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்து உடலின் வெப்பக் காப்பையும் தொடும் என்று தோன்றவே தோன்றாது.

1952-ஆம் ஆண்டு. புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சில் ஆன்றி லாபோரி என்ற அறுவை மருத்துவர், குளோர்ப்ரோமசின் என்னும் புதிய மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அறுவையின்போது நோயாளியின் உடலைக் குளிர்வித்து, பனிக்கால உறக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோவதே அவர் நோக்கம். அம்மருந்து உடலின் வெப்பக் காப்பைத் தளர்த்தியது. கூடவே மனத்தையும் அமைதிப்படுத்தியது. அவ்வாண்டே பாரிசில் டிலேயும் டெனிக்கரும் அதை மனநோய்க்குக் கொடுத்தார்கள். மனநல மருத்துவத்தில் ஒரு புதிய காலம் பிறந்தது. லார்காக்டில் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. மனநோயை ஆற்றும் மருந்து தன் வாழ்வைத் தொடங்கியதே உடல் வெப்பத்தை அசைக்கும் மருந்தாகத்தான்!

இத்தகைய மருந்துகள் டோப்பமின் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைக்கின்றன. அவற்றைச் சாப்பிடுபவரின் உடல் குளிரில் எளிதில் குளிரும். வெயிலில் எளிதில் சூடேறும். அவற்றால் வரும் கை நடுக்கத்துக்காகச் சேர்த்துக் கொடுக்கும் வேறு சில மாத்திரைகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தடுக்கின்றன. வியர்வைச் சுரப்பிகளுக்கு நரம்பு அனுப்பும் செய்தி இந்த அசிட்டைல்கோலின் வழியாகத்தான் போகிறது. அது தடைப்பட்டால் வியர்வை குறையும். ஊமத்தங்காயைத் தின்ற குழந்தைக்குத் தோல் வறண்டு உடல் கொதிப்பதும் இதே காரணத்தால்தான். அதிலுள்ள அட்ரோபின் இவ்வகைப் பொருளே.

2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் வெப்பத்தால் இறந்தனர் என அரசு விசாரணை கணக்கிட்டது. அங்கு நடந்த ஓர் ஆய்வில், நாட்பட்ட நோய்கள் பலவற்றுள், இறப்புக்கான வாய்ப்பு மிகவும் கூடியிருந்தது ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனநோய் உள்ளவர்களுக்கே என்று தெரிந்தது; ஏறக்குறைய மூன்று மடங்கு. மருந்து மட்டுமே காரணம் என்று கூற முடியாது. தனிமையும் வறுமையும் சேர்ந்தே இருந்திருக்கும். ஆனால் நம் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய மருந்து சாப்பிடுபவர் இருந்தால், சித்திரை, வைகாசியில் அவர் நிழலில் இருக்கிறாரா, தண்ணீர் குடிக்கிறாரா என்று பார்ப்பது நம் கடமை. மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து; மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வேறு உவமை வேண்டுமே!

குறை சொல்வது எளிது, மாணவருக்கு ஏதாவது ஓர் உவமை வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரி மாணவருக்குப் பாகூர் ஏரியைக் காட்டலாம் என்பது என் எண்ணம்.

தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு நீர் வருகிறது. மதகுகள் வழியாக வயலுக்குப் போகிறது. மிஞ்சினால் கலிங்கல் வழிகிறது. நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும் ஒற்றைத் திருகு எங்கும் இல்லை. வரத்தும் போக்கும் சமமாகும் இடமே மட்டம். உடலின் சூட்டு வரத்து உணவும் உழைப்பும் வெயிலும், மதகுகள் தோலின் இரத்தக் குழாய்கள், கலிங்கல் வியர்வை. ஒவ்வொரு மதகையும் திறக்கவும் மூடவும் தனித்தனி ஆள். மூளையின் வேதிப்பொருள்கள் அந்த ஆட்களுக்குப் போகும் செய்திகள். காய்ச்சல் என்பது மதகுகளை மூடி மட்டத்தை உயர்த்துங்கள் என்று வந்த உத்தரவு. அந்த உத்தரவை மாத்திரையால் நிறுத்தலாம். வெப்பவாதம் என்பது வெள்ளம். உத்தரவுகளால் வெள்ளம் வடியாது, நீரை வெளியேற்றத்தான் வேண்டும்.

இந்த உவமையும் முழுமையானதன்று. ஏரிக்குத் தன் மட்டத்தைப் பற்றி உணர்வு கிடையாது, உடலுக்கு உண்டு. ஆனால் இஸ்திரிப் பெட்டி மறைக்கும் அந்த ஒரு வேறுபாட்டை ஏரி வெளிப்படையாகக் காட்டுகிறது.

1823-இல் பிரெஞ்சுக்காரர் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1964 முதல் ஜிப்மர் இயங்கும் ஊர் இது. நாளைக்கு அங்கே வெள்ளை அங்கி அணியப் போகிறவர்கள் சிலரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் ஆசிரியராகவோ மேஸ்திரியாகவோ தாயாகவோ தந்தையாகவோ இருப்பீர்கள். பாட நூலில் தெர்மோஸ்டாட் என்ற சொல் அடுத்த முறை வரும்போது, அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள்: காய்ச்சலுக்கு மாத்திரை, வெப்பவாதத்துக்குத் தண்ணீர்.